ஏழாம் பாட்டின் துள்ளல்

நானூற்றுப் பன்னிரண்டு சிடி.
எண்ணியது ரோஷ்ணி, நான் இல்லை.
சாட்ஸ்வொர்த் ஐந்தாம் யூனிட்டில்
குளிர்காலம் பேருக்குத்தான் வரும்.
அந்த ஜூன் மாதத்து ஞாயிறுகள் எல்லாம்
கணினி முன்னால் கழிந்தன.

ஒரு சிடிக்கு ஆறு நிமிடம்.
கீறல் இருந்தால் ஒரு மணி நேரம்.
ட்ரைவ் இரைக்கும், நிற்கும்,
திரும்பிப் போய் அதே இடத்தைத் தடவும்,
பல்லில் சிக்கிய நாரை
நாக்கு விடாமல் தேடுவது மாதிரி.
தொண்ணூற்றேழு சதவீதத்தில்
கரண்ட் போகும்.
அட்டவணை போட்டுத்தான் நிறுத்துகிறார்கள், தெரியும்.
ஆனாலும் இருட்டில் உட்கார்ந்து
யாரையாவது ஏசுவேன்.
பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் மட்டும்
சுருதி பிசகாமல் ஓடும்.

சிடியைப் போட்டதும் கணினி
எங்கோ இருக்கும் பட்டியலைக் கேட்டுப்
பெயர்களை எழுதிக்கொள்ளும்.
அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை போல.
ஒரே பாடகர் ஐந்து பேராகி நின்றார்:
ஒருவருக்கு ஓர் எச் கூடுதல்,
ஒருவருக்கு இனிஷியல் முதுகுக்குப் பின்னால்,
ஒருவருக்கு ஊரே பெயர்,
நாலாமவர் ‘பல்வேறு கலைஞர்கள்’,
அடுத்தவர் ‘தெரியாதவர்’.
ஐவரையும் ஓராளாக்க
ஒரு முழு ராத்திரி ஆனது.

நான் முடலி. என் அண்ணன் மூட்லி.
அத்தை வீட்டில் மோடலி என்று எழுதுகிறார்கள்.
கப்பலில் வந்தவர் ஒரே ஆள்தான்.
துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா
காதில் விழுந்ததை எழுதினான்,
அல்லது விழுந்ததாக நினைத்ததை.
அவன் பரம்பரையே விளங்காமல் போக
எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

மணி பதினொன்றரை.
மியர்பேங்க் கல்யாணங்களில் வாசித்த குழு ஒன்றின் சிடி,
எந்தப் பட்டியலிலும் இல்லாதது.
உறை நனைந்து மை ஊறிவிட்டது.
தபேலா வாசித்தவர் பெயரில்
முதலில் ஓர் எம், கடைசியில் சாமி.
முனுசாமியா, முத்துசாமியா, மாடசாமியா?
கொட்டாவி விட்டபடி
முனுசாமி என்று தட்டினேன்.
சேமிக்கவா என்றது.
சரி என்றேன்.
குமாஸ்தாவுக்கும் அன்று
தூக்கம் வந்திருக்கும்.

ரோஷ்ணி கல்யாணமாகி வந்தபோது
அவளும் ஒரு பெட்டி கொண்டுவந்தாள்.
இருவரிடமும் இருந்தவை முப்பத்தொன்று.
‘எது நல்லதோ அதை மட்டும் வை’ என்றாள்.
எல்லாவற்றிலும் அவளுடையதே நல்லது,
அதைச் சொல்லியும் காட்டினாள்.

ஆனால் அந்த ஏழாவது பாட்டு.
என் சிடியில், சரணத்தின் இரண்டாம் வரியில்,
ஒரு சொல்லை விழுங்கிவிட்டுத் துள்ளும்.
காரில் அதைக் கேட்டே வளர்ந்த கியாரா
துள்ளலோடுதான் பாடுவாள்.
கையும் அந்த இடத்தில் ஒரு தட்டு தட்டும்.

அவளுடையதைப் போட்டேன்.
விழுங்கப்பட்ட சொல் வந்தது:
‘மெல்ல’.
இருபது வருஷம் அவசரமாய் வந்து போனவன்
இப்போது மெல்ல என்கிறான்!
ரோஷ்ணி அடுப்படியில் சிரித்த சிரிப்பில்
குழம்பு அடிப்பிடித்தது.
கியாரா ஹெட்போனைக் கழற்றாமலே
‘பாட்டு தப்பு’ என்றாள்.

என்னுடையதை ஏற்றும்போது
சிவப்பில் ‘பிழை’ என்று காட்டியது.
அதையும் சேமித்தேன்.
ஒன்றுக்குப் பெயர் ஏழு.
மற்றதற்கு ஏழு, எங்களுடையது.

மிஞ்சிய வட்டுகளை ரோஷ்ணி
நாரத்தை மரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டாள்
(இங்கே அதற்கும் பெயர் நார்ச்சி ஆகிவிட்டது).
இரண்டு நாள் குரங்குகள் வரவில்லை.
மூன்றாம் நாள் ஒன்று வந்து
மதில்மேல் உட்கார்ந்து,
ஒரு சிடியை எட்டிப் பிடித்து
முகம் பார்த்தது,
திருப்பிப் பார்த்தது,
ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றியது,
பழம் உரித்தது.